எபிசோட் 41: மூன்று வளையம், நூறு பாராசூட்

இந்த வாரம் வானத்துல இருந்து குதிக்கப் போறோம். நான் குதிச்சதில்லை, குதிக்கப் போறதும் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்ல சாயவே யோசிக்கிற ஆள் நான். ஆனாலும் மூணு வாரமா பாராசூட் பற்றித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். காரணம், ஒரு டேட்டாபேஸ்.

போன மாசம் ஒரு ராத்திரி, ஆன்-கால் என்னுடையது. ரெண்டு மணிக்கு அலாரம். எங்க மெயின் டேட்டாபேஸ் பதில் சொல்லலைன்னு நினைச்சு, ஸ்டாண்ட்பை தானாவே மெயினாக மாறிடுச்சு. அதுக்குத்தான் அதை வெச்சிருக்கோம், சந்தோஷம். பிரச்சினை என்னன்னா, பழைய மெயின் சாகவே இல்லை. நடுவில் நெட்வொர்க் கொஞ்ச நேரம் அறுந்திருந்தது, அவ்வளவுதான். ஆக, ரெண்டும் 'நான்தான் மெயின்' என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக டேட்டா எழுத ஆரம்பித்துவிட்டன. எங்க தொழில்ல இதுக்கு 'ஸ்ப்ளிட் பிரெய்ன்'னு பேரு. எந்த ரெக்கார்ட் நிஜம், எது பொய் என்று பிரித்தெடுக்க விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஸ்கிரிப்ட் ஓடி முடியக் காத்திருந்தப்போ யூடியூப்ல ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் லேக் வேல்ஸ் என்ற ஊர். 2007, நவம்பர் 21. விரிந்த நூறு பாராசூட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வானத்தில் ஒரு பெரிய வைரம் மாதிரி மிதக்கின்றன. அந்த நேரத்துல என் மண்டையில ஓடினது ஒரே கேள்விதான்: இதுல ஒருத்தருக்குச் சிக்கல் வந்தா, மெயினை எப்படி நிறுத்திட்டு பேக்கப்புக்குப் போவாங்க?

அந்தக் கேள்விக்கான பதில்தான் பாராசூட்டின் பாதி வரலாறு. ஆரம்பத்திலிருந்து போகலாம்.

1797, அக்டோபர் 22, பாரிஸ் நகரத்து மோன்சோ பூங்கா. ஆந்த்ரே-ஜாக் கார்னரின் என்பவர் பலூனில் ஏறி மேலே போய், கயிற்றை அறுத்துவிட்டு ஒரு துணிக்குடையில் இறங்கினார். உள்ளே சட்டம் கிட்டம் எதுவும் இல்லாத, வெறும் துணியாலான பாராசூட். உயிரோடு இறங்கிட்டார். ஆனா வழி முழுக்க ஊஞ்சல். குடைக்குள் மாட்டிய காற்றுக்கு வெளியேற வழி இல்லாததால், ஒரு பக்க விளிம்பு வழியாகப் பீறிட்டு வெளியேறும். குடை மறுபக்கம் சாயும். அடுத்து அந்தப் பக்கம். பின்னாட்களில் குடையின் உச்சியில் ஒரு ஓட்டை போட்டார்கள், ஆட்டம் அடங்கியது. பாதுகாப்புக்கு, துணியில் ஓட்டை போடணும்! முதல்ல கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இதுக்கு அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல பலூன், கண்காட்சி, துணிச்சல்காரர்கள், சாவுகள் என்று போகிறது. 1837இல் ராபர்ட் காக்கிங் என்பவர் லண்டனில் தலைகீழ்க் கூம்பு வடிவத்தில் ஒன்று செய்து குதித்து இறந்தார். 1912இல் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர், தானே தைத்த பாராசூட் அங்கியோடு ஈஃபிள் கோபுரத்திலிருந்து குதித்து இறந்தார். அதுக்குப் படச்சுருளே இருக்கு. நான் பாதியில நிறுத்திட்டேன், நீங்களும் தேடாதீங்க.

நமக்கு வேண்டிய அடுத்த நாள், 1919 ஏப்ரல் 28. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மெக்குக் ஃபீல்ட் என்ற விமானத் தளம். லெஸ்லி இர்வின் என்பவர் முதுகில் மூட்டையாகக் கட்டிய பாராசூட்டோடு விமானத்திலிருந்து குதிக்கிறார், கொஞ்ச தூரம் சும்மா விழுகிறார், பிறகு தானே பிடியை இழுத்துத் திறக்கிறார். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். அதுவரை பெரும்பாலும் பாராசூட்டை விமானத்தோடோ பலூனோடோ ஒரு கயிற்றால் கட்டியிருப்பார்கள். குதித்ததும் கயிறே திறந்துவிடும். காரணம், கட்டில்லாமல் விழுகிற மனிதனுக்கு மயக்கம் வந்துவிடும், கையை அசைக்கவே முடியாது என்று நிறைய பேர் நம்பினார்கள். இர்வினுக்கு மயக்கம் வரலை. தரையில் இறங்கும்போது கணுக்கால் மட்டும் உடைஞ்சுது. திறக்கும் நேரத்தை மனிதன் முடிவு செய்யலாம் என்பது அந்த உடைந்த கணுக்காலோடு உறுதியானது.

ஆனால் இது எல்லாமே வட்டக்குடை. வட்டக்குடை ஒரு பிரேக், அவ்வளவுதான். காற்று எங்கே தள்ளுதோ அங்கே போகும். இரண்டு வட்டக்குடைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இன்னொரு ஆபத்து. கீழே இருக்கிற குடை காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது, அதற்கு நேர் மேலே கலைந்துபோன செத்த காற்று உருவாகிறது. மேலே இருக்கிற குடை அதற்குள் நுழைந்தால் பிடிப்பதற்குக் காற்று கிடைக்காமல் சுருங்கிவிடும். ராணுவப் பாராசூட் வீரர்களுக்கு இது பாலபாடம்: அடுத்தவர் குடைக்கு மேலே போகாதே, கீழே இருப்பவருக்கே முதல் உரிமை. இந்த விதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, இதையே தலைகீழாக்கின ஆட்களைப் பத்திதான் பேசப் போறோம்.

மாற்றம் வந்தது ஒரு பட்டக்காரரிடமிருந்து. டொமினா ஜால்பெர்ட். கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் பட்டங்களும் பலூன்களும் செய்தவர். தன் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு யோசனை தட்டி, தரையிறங்கியதும் அதன் இறக்கையை டேப் வைத்து அளந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1964இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது துணியால் ஆன ஓர் இறக்கை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் தடுப்புகள் வைத்து வரிசையாக அறைகள். முன்பக்கம் எல்லா அறைக்கும் வாய் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். காற்று உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் அழுத்தம் கொடுக்க, துணி விறைத்து இறக்கையாகிறது. தலையணை உறையை ஓடும் ரயில் ஜன்னலில் பிடித்தால் உப்பும் பாருங்க, அது மாதிரி.

இதற்கு ராம்-ஏர் என்று பெயர். இன்று விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் நீள்சதுரப் பாராசூட் இதன் வாரிசுதான். விரிந்த அந்தத் துணியைக் கேனோபி என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். இது வெறுமனே இறங்கவில்லை, முன்னோக்கிப் பறக்கிறது. இடது கயிற்றை இழுத்தால் இடது, வலதை இழுத்தால் வலது, ரெண்டையும் இழுத்தால் வேகம் குறையும். முன்னோக்கிப் பறப்பதால், ஒன்றுக்கு மேல் ஒன்று சேர்ந்து பறந்தாலும் ரெண்டுக்கும் புதுக்காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். கலைந்த காற்று பின்னால் போய்விடும்.

ஒரே குறை, ஆரம்பகால ராம்-ஏர்கள் திறக்கும்போது ஆளை உலுக்கி எடுத்துவிடும். 1970களில் அதற்கும் வழி பிறந்தது: ஸ்லைடர். நாலு மூலையிலும் உலோக வளையம் வைத்த ஒரு சின்ன துணி. எல்லாக் கயிறுகளும் அந்த வளையங்கள் வழியே போகும். கேனோபி விரியப் பார்க்கும்போது இந்தத் துணி மேலேயே நின்று காற்றை எதிர்த்துக் கயிறுகளை நெருக்கிப் பிடிக்கும், பிறகு மெதுவாக வழுக்கிக்கொண்டு கீழே வரும். மோட்டார் இல்லை, டைமர் இல்லை. வேகம் அதிகம் என்றால் ஸ்லைடரைப் பிடித்து நிறுத்தும் காற்றும் அதிகம், அதனால் திறப்பு தானே தாமதமாகும். இப்படி ஒரு ரேட் லிமிட்டர் எழுதச் சொன்னா எனக்கு ரெண்டு ஸ்பிரிண்ட் வேணும்.

சரி, இப்போ என் கேள்விக்கு வருவோம். மெயின் திறந்தது, ஆனால் தப்பாகத் திறந்தது. சுழல்கிறது. ரிசர்வைத் திறக்கணும். அப்படியே திறந்தால், ரிசர்வ் போய்ப் பழைய மெயினோடு சுற்றிக்கொள்ளும். ரெண்டும் போச்சு. அப்பட்டமான ஸ்ப்ளிட் பிரெய்ன். சர்வர் உலகத்துல இதுக்கு வைத்தியம், ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுக்கும் முன் பழைய மெயினைக் கண்டிப்பாகக் கொல்லணும். அந்த முறைக்கு 'ஸ்டோனித்'னு பேரு. 'அடுத்த சர்வரைத் தலையில் சுடு' என்பதன் சுருக்கம் அது, நான் சத்தியமா விளையாடலை. பாராசூட்டில் இதற்குச் சமமானது கட்-அவே: மெயினை முதலில் கழற்றி எறி, பிறகு ரிசர்வ்.

கழற்றுவது எப்படி? முன்பு இரண்டு தோளிலும் கேப்வெல் என்ற உலோகக் கொக்கிகள் இருந்தன. ராணுவத்திலிருந்து வந்தவை. தரையில் இறங்கிய பிறகு காற்று இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, குடையைக் கழற்றத்தான் அவை முதலில் வந்தன. வானத்தில் அதைச் செய்வதென்றால், ரெண்டு தோளிலும் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கம்பி வளையத்தில் கட்டைவிரலை மாட்டி இழுக்கணும். சுழலும்போது ஒரு பக்கம் கழன்று மறுபக்கம் கழலாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். அதனால் நிறைய பேர் கெட்டுப்போன மெயினைக் கழற்றத் தயங்கினார்கள். தயங்குவதற்கு வானத்தில் நேரம் கிடையாது.

1970களின் நடுவில் பில் பூத் என்ற அமெரிக்கர் இதைத் தீர்த்தார். மூன்று வளையங்கள். இதை நிதானமா சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த எபிசோட்லயே பிடிச்ச பொருள் இதுதான். உங்கள் உடம்பில் கட்டிய ஹார்னெஸில் ஒரு பெரிய வளையம். கேனோபியிலிருந்து வரும் பட்டையில் நடுத்தர வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று. நடுத்தர வளையம் பெரியதற்குள் நுழைந்து மேல்நோக்கி மடங்கும். சின்னது நடுத்தரத்துக்குள் நுழைந்து மடங்கும். சின்னதன் மேல் ஒரு துண்டுக் கயிற்று வளையம். அந்தக் கயிற்று வளையம் நழுவாமல் இருக்க, பிளாஸ்டிக் பூசிய ஒரு மெல்லிய கேபிள் அதற்குள் செருகியிருக்கும்.

ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல். மனிதனின் முழுப் பாரமும், சுழற்சியின் இழுப்பும் முதல் வளையத்தில் விழுந்தாலும், ஒவ்வொரு படியிலும் குறைந்து, கடைசிக் கயிற்றுக்கு வரும்போது விரலால் பிடிக்கக்கூடிய அளவுதான் மிஞ்சும். அதனால் கேபிளை உருவ பலம் வேண்டாம். ஒரு கைப்பிடியை இழுத்தால் இரண்டு தோளின் கேபிளும் சேர்ந்து உருவப்படும். வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு, பட்டை பறந்துவிடும். ஒரே பிடி, ஒரே இழுப்பு. ஐம்பது வருஷம் ஆகப்போகுது, உலகம் முழுக்க இன்னும் அதே மூணு வளையம்தான். நம்ம துறையில ஐந்து வருஷம் மாறாம இருந்த ஒரு லைப்ரரியைக் காட்டுங்க பார்ப்போம்.

இதே பத்தாண்டில்தான் அமெரிக்காவில் சிலர் ஒரு பைத்தியக்கார வேலையைத் தொடங்கினார்கள். எல்லாப் பயிற்சியாளரும் எதைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்களோ, அதையே செய்வது. விரிந்த கேனோபியோடு இன்னொரு விரிந்த கேனோபிக்கு அருகே போய், தொட்டு, பிடித்துக்கொள்வது. முதலில் இருவர், பிறகு நால்வர், எண்மர். 'கேனோபி ரிலேட்டிவ் வொர்க்', சுருக்கமாக 'க்ரூ'. போட்டிகளில் இன்று இதன் பெயர் கேனோபி ஃபார்மேஷன். அந்த ஆட்கள் தங்களை 'க்ரூ டாக்ஸ்' என்று பெருமையாக அழைத்துக்கொள்வார்கள்.

இவர்கள் விமானத்தை விட்டதும் சட்டென்று திறந்துவிடுவார்கள், உயரத்திலேயே. கீழே இருக்கப்போகிறவர் தன் கேனோபியை ஓட்டிக்கொண்டு வந்து, அதன் முன் விளிம்பை மேலே இருப்பவரின் காலடிக்குக் கொண்டுவருவார். மேலே இருப்பவர் நடு அறையின் கயிறுகளைப் பிடித்து, கால்களை அதில் கோர்ப்பார். அவ்வளவுதான், இருவர் ஒன்றாகப் பறக்கிறார்கள். இதுல நான் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தது ஒண்ணு: மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் எடையைச் சுமக்கிறார் என்று. இல்லை. ஒவ்வொருவரையும் அவரவர் கேனோபிதான் தூக்கிப் பிடிக்கிறது. கால் வெறும் இணைப்பு.

உபகரணங்களும் மாறின. இதைப் படிக்கும்போது எனக்கு வியாசர்பாடியும் மாஞ்சாவும்தான் ஞாபகம் வந்தது. மற்ற ஸ்கைடைவர்கள் மெல்லிய கயிறுகளுக்குப் போய்விட்டார்கள். மெல்லிய கயிறு காற்றை அதிகம் தடுக்காது, மூட்டையும் சின்னதாகும். க்ரூ ஆட்கள் மட்டும் தடித்த டேக்ரான் கயிற்றிலேயே இருக்கிறார்கள், ஏனென்றால் வேகமாக உரசும் மெல்லிய கயிறு துணியையும் தோலையும் அறுக்கும். பட்டம் விட்ட எந்தப் பையனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிடிக்க வேண்டிய நடுக் கயிறுகளுக்குத் தனி நிறம். மற்றவர்களின் கேனோபிக்குப் பின்னால், அதை முதலில் வெளியே இழுத்த குட்டிப் பாராசூட் தொங்கிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு அது யார் காலிலாவது மாட்டும் என்பதால், திறந்ததும் கேனோபியை ஒட்டி உள்வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். கணுக்காலுக்கு நீள சாக்ஸ், கைக்குக் கையுறை. அப்புறம் கொக்கி வடிவ கத்தி. கூர்ப்பகுதி வளைவுக்குள் ஒளிந்திருக்கும், விரல் படாது, கயிறு மட்டும் அறுபடும். அந்தக் கத்தி எதுக்குன்னு கேட்கறீங்களா? வேகம் தப்பினால் ஒருவர் இன்னொருவரின் கயிறுகளுக்குள் போய்விடுவார், அல்லது அடுத்தவர் கேனோபியே உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். கண் தெரியாது. கை அசையாது.

இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாதாரண ஸ்கைடைவருக்கு இன்னொரு காவல் உண்டு, ஆர்.எஸ்.எல். என்று ஒரு பட்டை. மெயின் கழன்று போகும்போது அந்தப் பட்டை ரிசர்வின் பின்னை இழுத்துவிடும். அதாவது, கழற்றினால் போதும், ரிசர்வ் தானே திறக்கும். தாழ்வான உயரத்தில் கழற்றிவிட்டு ரிசர்வ் பிடியைத் தேடிக்கொண்டே தரையில் மோதாமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு. எங்க ஆட்டோ-ஃபெயிலோவர் மாதிரி. க்ரூ ஆட்கள் அதை வேண்டுமென்றே கழற்றிவைத்துவிட்டுத்தான் குதிக்கிறார்கள்.

காரணம் எளிது. அடுத்தவரின் துணியில் சுற்றியிருக்கும்போது மெயினைக் கழற்றினால், அந்த நொடியிலேயே ரிசர்வ் திறக்கக் கூடாது. முதலில் அந்தச் சிக்கலிலிருந்து விழுந்து வெளியே வரணும். வெளியே வந்துவிட்டோமா என்று பட்டைக்குத் தெரியாது. எங்க ஸ்டாண்ட்பைக்கும் தெரியலை. மெயின் செத்ததா, நெட்வொர்க் அறுந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை, பதில் வரலைன்னதும் எழுந்துடுச்சு.

இன்னொரு கருவியையும் சொல்லணும். 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத், சைப்ரஸ் என்ற சின்ன கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் ஆள் இன்னும் விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடிவைத்திருக்கும் கயிற்றை ஒரு குட்டி வெட்டுக்கருவி அறுத்துவிடும். மயங்கியவர்களையும், உயரத்தை மறந்தவர்களையும் காப்பாற்றிய கருவி. மொத்த லாஜிக்கும் ரெண்டு எண்கள்தான், ஆனா அந்த ரெண்டு எண்ணும் தப்பவே கூடாது. விரிந்த கேனோபியில் சாதாரணமாக இறங்குகிறவர் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை என்பதால் அவரை அது தொந்தரவு செய்யாது.

க்ரூ சிக்கலில் தானியங்கிக்குப் பதிலாக இருப்பது என்ன தெரியுமா? வாய். கத்திப் பேசுவது. உயரம் எவ்வளவு, உன் கை தெரியுதா, என் கேனோபி நல்லா இருக்கு, நீ கழட்டு. விரிந்த கேனோபியில் இறங்கும்போது விமானச் சத்தமும் இல்லை, விழும் சத்தமும் இல்லை, ஆகவே குரல் கேட்கும். யார் முதலில் கழற்றணும் என்பதைத் தரையிலேயே பேசிவைத்துக்கொள்வார்கள். சாதாரணமாக கீழே இருப்பவர்தான். ஆனால் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே வரிசை பொருந்தாது. உயரம் இருந்தால் சொல்லிவிட்டுச் செய், சொல்லாமல் கழற்றாதே. நீ கழற்றும்போது உன் மெயின் இன்னொருவரின் முகத்தில்தான் போய் விழும்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். வைரம் என்பது 10க்கு 10 சதுரத்தை முனையில் நிறுத்தினது. உச்சியில் ஒருவர், அவருக்குக் கீழே அகலமாகிக்கொண்டே போய், நடுவுக்குப் பிறகு மறுபடி குறுகி, அடியில் ஒருவர். எல்லோரிடமும் ஒரே வகைக் கேனோபி, க்ரூவுக்கென்றே தயாரான 'லைட்னிங்'. அளவு மட்டும் அவரவர் எடைக்கேற்ப மாறும், லேசான ஆட்கள் எடைப் பட்டை கட்டிக்கொள்வார்கள். நூறு பேரும் ஒரே வேகத்தில் இறங்கினால்தான் வைரம் நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு காலில் ஒருவர், மறு காலில் இன்னொருவர். உச்சியில் இருப்பவருக்குப் பின்னால் தொண்ணூத்தொன்பது பேர். அவரால் அவர்களைப் பார்க்கக்கூட முடியாது. அவர் வேலை நேராகப் பறப்பது, திரும்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது.

நூறாவது ஆள் வந்து சேர்கிற இடத்தை நான் ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். முட்டலை, அவசரமே இல்லை, ஓரமா வந்து நிற்கிறார், மேலே இருந்து ஒரு கால் வந்து பிடிக்கிறது. முழு வடிவமும் லேசாக ஒரு முறை அலைபோல அசைந்து அடங்குகிறது. அந்த நேரத்திலும் ஒவ்வொருவரின் வலது நெஞ்சுப் பக்கத்தில் அந்த ஒற்றைக் கைப்பிடி தயாராகத்தான் இருக்கிறது.

அப்புறம் கலையத் தொடங்குவார்கள். காலை விடுவிப்பதும் கூட்டாகச் செய்கிற வேலைதான். தரைக்கு வரும்போது நூறு பேரும் தனித்தனி, அவரவர் கேனோபியில், அவரவர் இடத்தில்.

எங்க ஆபீஸ்ல அந்த ராத்திரிக்கான ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். பழைய மெயினை முதலில் கழற்றும் படியைச் சேர்த்திருக்கோம், போன வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே நெட்வொர்க்கை அறுத்துச் சோதிச்சோம். பழைய மெயின் செத்துச்சு, ஸ்டாண்ட்பை எழுந்துச்சு. பதினோரு விநாடி. அந்தப் படிக்குப் பேர் வைக்கிற வேலை என்கிட்ட வந்தது, 'மூணு வளையம்'னு வெச்சேன். டீம்ல யாருக்கும் புரியலை, இந்த எபிசோட் லிங்க்கைத்தான் அனுப்பப் போறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.